ஷிஃப்ட், ஒன்பது, மூன்று

குரோம்பேட்டையில் எம்.ஐ.டி., மேற்குத் தாம்பரத்தில் சாய்ராம், வண்டலூரில் கிரசென்ட், பொத்தேரியில் எஸ்.ஆர்.எம். என்று ஜி.எஸ்.டி. சாலையிலும் அதைச் சுற்றியும் வரிசையாகப் பொறியியல் வளாகங்கள். செமஸ்டர் தேர்வு நடக்கும் நாட்களில் தாம்பரம் ரயில் நிலைய நடைமேடையில், ஹால் டிக்கெட்டுக்கு அடுத்தபடியாக மாணவர்கள் பையைத் திறந்து சரிபார்த்துக்கொள்ளும் பொருள் கால்குலேட்டர். பெரும்பாலும் அது கேசியோ எஃப்எக்ஸ்-991 குடும்பத்தைச் சேர்ந்ததாக இருக்கும். அண்ணன் படித்து முடித்துக் கொடுத்த எம்.எஸ்., அக்கா விட்டுச்சென்ற இ.எஸ்., இந்த ஆண்டு வாங்கிய கிளாஸ்விஸ் என்று மாடல்தான் மாறும்.

தேர்வு அறைக்குள் இந்தக் கருவிக்கு இடம் கிடைத்ததற்குக் காரணம், இதில் புரோகிராம் எழுத முடியாது என்பது. புரோகிராம் எழுதக்கூடிய கால்குலேட்டருக்கு அனுமதி இல்லை என்பது இங்கே பொறியியல் தேர்வுகளின் பழைய விதி. சூத்திரங்களையும் குறிப்புகளையும் கருவிக்குள் ஒளித்து எடுத்துவரக் கூடாது என்பது அதன் நோக்கம். நியாயமான நோக்கம்தான். ஆனால் "எதை அழித்தால் கால்குலேட்டர் காலியாகிறது?" என்ற கேள்விக்கு அந்த விதிக்குள் பதில் இல்லை. அதற்கான பதில் சிலிக்கானுக்குள் இருக்கிறது.

முதலில் 991இல் புரோகிராமே இல்லை என்பதைச் சோதித்துப் பார்ப்போம். நியூமெரிக்கல் மெத்தட்ஸ் தாளில் காஸ்–சீடல் முறை கட்டாயம் இருக்கும். மூன்று தெரியாத எண்கள், மூன்று சமன்பாடுகள். நம் ஊர்ப் பாடநூல்களில் தலைமுறை தலைமுறையாக வரும் ஒரு கணக்கை எடுத்துக்கொள்ளலாம்: முதல் சமன்பாட்டில் 27, 6, −1 என்ற கெழுக்கள், விடை 85, இரண்டாவதில் 6, 15, 2, விடை 72, மூன்றாவதில் 1, 1, 54, விடை 110. இதைக் கால்குலேட்டரில் ஒரே வரியாக இப்படி அடிக்கிறார்கள்:

ஏ = (85 − 6பி + சி) ÷ 27 : பி = (72 − 6ஏ − 2சி) ÷ 15 : சி = (110 − ஏ − பி) ÷ 54

இடையில் வரும் முக்காற்புள்ளி, ஒரு வேலை முடிந்ததும் அடுத்ததற்குப் போ என்று சொல்கிறது. கால்க் விசையை அழுத்தினால் தொடக்க மதிப்புகளைக் கேட்கும். எல்லாவற்றுக்கும் பூஜ்யம் கொடுத்துவிட்டுச் சமக்குறி விசையைத் தட்டிக்கொண்டே போகலாம். முதல் சுற்றில் 3.148, 3.5407, 1.9132. இரண்டாம் சுற்றில் 2.4322, 3.5720, 1.9258. மூன்றாவதில் 2.4257, 3.5729, 1.9260. நான்காவது சுற்றில் முதல் எண் 2.4255 ஆகிறது. அதற்குப் பிறகு நான்காம் தசம இடம் ஏறத்தாழ அசைவதில்லை.

இந்த வரி முழுவதும் 45 எழுத்துக்குறிகள். 991எம்எஸ் ஒரே கணக்கில் 79 படிகள் வரை ஏற்கும், இ.எஸ். மாடல் 99 பைட்டுகள் வரை ஏற்கும். ஆகவே தாராளமாக இடம் இருக்கிறது. உள்ளீடு இருக்கிறது, மாறிகள் இருக்கின்றன, கட்டளைகள் வரிசையாக நடக்கின்றன, சுற்று மீண்டும் மீண்டும் ஓடுகிறது. திரும்பப் போ என்ற கட்டளை மட்டும்தான் கருவிக்குள் இல்லை. அதை மாணவரின் கட்டைவிரல் செய்கிறது. என் கணக்கில் இது புரோகிராம்தான். 1823இல் கெர்லிங் என்ற தம் மாணவருக்கு எழுதிய கடிதத்தில் காஸ் விவரித்த முறை. 1874இல் சீடல் அச்சில் வெளியிட்டது. சட்டைப்பைக்குள் அடங்கும் ஒரு கருவியின் ஒற்றை வரியில் அது உயிரோடு ஓடுகிறது.

ஆனால் அந்த வரியின் ஆயுள் மிகக் குறைவு. மோடு மாற்றினால் போய்விடும். ஆன் விசையை மறுபடி அழுத்தினால் போய்விடும். அணைத்தால் போய்விடும். நீங்கள் அணைக்க வேண்டும் என்றுகூட இல்லை. தொடாமல் வைத்தால் இ.எஸ். மாடல் ஏறக்குறைய 10 நிமிடத்தில் தானாகவே அணையும், எம்.எஸ். 6 நிமிடத்தில். நடுவில் ஒரு நிரூபணம் எழுதப் போனவர் திரும்பி வந்து பார்த்தால் வரி இருக்காது. தேர்வுக்கு முன் யாராவது நினைவகத்தை அழிக்கச் சொல்வார்களோ என்ற கவலை வேறு நாட்டு மாணவர்களுக்கு. தேர்வு நடக்கும்போதே தன் வரி மறைந்துபோவது தாம்பரத்து மாணவருக்கு.

இப்போது விசித்திரம். அணைந்த கருவியை மீண்டும் உயிர்ப்பித்து, ஏ, பி, சி ஆகிய மாறிகளை அழைத்துப் பாருங்கள். மூன்றும் அப்படியே இருக்கும். 2.4257 இருந்த இடத்தில் 2.4257. சூத்திரம் போய்விட்டது, அதன் உழைப்பு மிச்சம் இருக்கிறது. வரியை மறுபடி அடித்து, கேட்கும் மதிப்புகளுக்கெல்லாம் சமக்குறியை மட்டும் தட்டினால் கணக்கு விட்ட இடத்திலிருந்தே தொடரும். காஸ்–சீடல் முறைக்கு இன்னொரு பெருந்தன்மையும் உண்டு. ஒவ்வொரு சமன்பாட்டிலும் மூலைவிட்டத்தில் இருக்கும் கெழு மற்றவற்றின் கூட்டுத்தொகையைவிடப் பெரிதாக இருந்தால் (இங்கே 27க்கு எதிரே 7, 15க்கு எதிரே 8, 54க்கு எதிரே 2) எந்த மதிப்பில் தொடங்கினாலும் அது சரியான விடைக்கே வந்துசேரும். நடுவில் ஒரு மதிப்பைத் தவறாக அடித்தாலும் அடுத்த சுற்றுகள் அதைத் திருத்திவிடும். நினைவு தவறும் கருவிக்கு இதைவிடப் பொருத்தமான கணிதம் அமையாது.

ஒன்று அழிந்தது, ஒன்று தங்கியது. இரண்டும் ஒரே சில்லுக்குள், ஒரே வகை நினைவகத்தில்தான் இருந்தன. ஏன் இந்த வேறுபாடு என்று கேட்டால், அழிவில் இரண்டு வகை உண்டு என்பது தெரியவரும். இயற்பியல் அழிப்பது ஒன்று. வடிவமைத்தவர் அழிக்கச் சொன்னதால் அழிவது இன்னொன்று.

இயற்பியலிலிருந்து தொடங்குகிறேன். கால்குலேட்டரின் வேலை நினைவகம் நிலையான ரேம் என்ற வகை. இதில் ஒரு பிட்டைச் சேமிக்க ஆறு டிரான்சிஸ்டர்கள் வேண்டும். அவற்றில் நான்கு சேர்ந்து இரண்டு சிறு சுற்றுகளாகின்றன. உள்ளே ஒன்று போனால் வெளியே பூஜ்யம், பூஜ்யம் போனால் ஒன்று என்று திருப்பித் தருவதுதான் ஒவ்வொன்றின் வேலை. முதல் சுற்றின் வெளியீட்டை இரண்டாவதற்கும், இரண்டாவதன் வெளியீட்டை முதலாவதற்கும் கொடுத்துவிட்டால், இருவர் முதுகோடு முதுகு சாய்ந்து உட்கார்ந்திருப்பதைப் போல ஒன்றை ஒன்று தாங்கிக்கொண்டு நிற்கும். முதலாவது ஒன்று என்றால் இரண்டாவது பூஜ்யம் என்கிறது. அந்தப் பூஜ்யமே முதலாவதை ஒன்றாகவே இருக்கச் செய்கிறது. மீதி இரண்டு டிரான்சிஸ்டர்கள் எழுதவும் படிக்கவும் வாசல்கள். டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் 1996இல் வெளியிட்ட டிஐ-83 வரைபடக் கால்குலேட்டரில் 32 கிலோபைட் ரேம். அதாவது 2,62,144 பிட்டுகள். ஆறால் பெருக்கினால் நினைவகத்துக்கு மட்டும் 15 லட்சத்துக்கும் மேற்பட்ட டிரான்சிஸ்டர்கள்.

இத்தனையும் விழித்துக்கொண்டிருக்க மின்சாரம் எவ்வளவு வேண்டும்? இங்கேதான் 1963இல் ஃபேர்சைல்ட் நிறுவனத்தில் ஃபிராங்க் வான்லாஸ் கண்ட சீமாஸ் சுற்று வருகிறது. எதிரெதிர் குணம் கொண்ட இரண்டு டிரான்சிஸ்டர்களை அவர் ஜோடியாக வைத்தார். ஒன்று திறந்திருந்தால் மற்றது மூடியிருக்கும். மின்னோட்டம் மேலிருந்து கீழ்வரை நேராக ஓடும் வழி எப்போதும் ஓரிடத்தில் அடைபட்டே இருக்கும். நிலை மாறும் கணத்தில் மட்டும் மின்சாரம் செலவாகும். மற்ற நேரத்தில் கசிவு மட்டுமே. ஹியூலெட்-பேக்கார்டு 1975இல் எச்பி-25 என்ற புரோகிராம் கால்குலேட்டரை விற்றது; அணைத்தால் புரோகிராம் மறைந்துவிடும். அடுத்த ஆண்டு வந்த எச்பி-25சி மாடலில் சீமாஸ் நினைவகம். அணைத்தாலும் எழுதியது அப்படியே இருந்தது. அதற்கு முன் 1974இன் எச்பி-65இல் 100 படிகள் கொண்ட புரோகிராமைக் காப்பாற்ற வேண்டுமானால் சிறு காந்த அட்டையில் பதிந்து கையில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஆகவே இன்றைய கால்குலேட்டரில் ஆஃப் விசை மின்சாரத்தை நிறுத்துவதே இல்லை. திரையை அணைக்கிறது, கடிகாரத் துடிப்பை நிறுத்துகிறது. நினைவகத்துக்குப் போகும் சொட்டு மின்சாரம் தொடர்கிறது. 991எம்எஸ் முகப்பில் சூரிய மின்தகடு இருந்தாலும் உள்ளே எல்ஆர்44 பட்டன் செல் ஒன்று இருப்பது இதற்காகவும்தான். பேனாவும் நோட்டும் விற்கிற எந்தக் கடையிலும் கிடைக்கும் அந்தச் செல், அலமாரிக்குள் இருட்டில் கிடக்கும் கருவியின் ஏ, பி, சி மாறிகளைத் தாங்கிக்கொண்டிருக்கிறது. செல்லைக் கழற்றினால் நினைவகத்தில் உள்ளவை போய்விடும் என்று கையேடு எச்சரிப்பதும் இதனால்தான். டிஐ-83இல் நான்கு டிரிபிள்-ஏ செல்களோடு தனியாக ஒரு லித்தியம் காசு செல்லும் உண்டு. பெரிய செல்களை மாற்றும் சில நிமிடங்களுக்கு அது காவல் காக்கிறது.

அப்படியானால் அந்தக் காஸ்–சீடல் வரி ஏன் மறைந்தது? அதற்கும் மின்சாரம் போய்க்கொண்டுதானே இருந்தது? அதை அழித்தது மின்சாரக் குறைவு இல்லை. அணையும்போது மாறிகளை விட்டுவை, கணக்கு வரலாற்றைத் துடைத்துவிடு என்று சில்லின் படிக்க மட்டுமே முடிகிற நினைவகத்தில் எழுதப்பட்டிருக்கிறது. ஷிஃப்ட், ஒன்பது, மூன்று என்று அழுத்தி, சமக்குறியால் ஆம் என்று உறுதி செய்தால் இ.எஸ். மாடல் எல்லாவற்றையும் துடைத்துத் தொடக்க நிலைக்குத் திரும்பும். அதுவும் இதே போன்ற கட்டளைதான். எந்த இடங்களில் பூஜ்யம் எழுத வேண்டும் என்று கட்டளை எழுதியவர் சொன்னாரோ அந்த இடங்களில் பூஜ்யம் எழுதப்படுகிறது. அவர் சொல்லாத இடம் அழியாது. அழிந்தது என்று திரையில் வரும் வாசகமோ தனியான இன்னொரு கட்டளை.

இந்தக் கடைசி விஷயம்தான் அமெரிக்க வகுப்பறைகளில் வெடித்தது. அங்கே வரைபடக் கால்குலேட்டர் பள்ளிப் பாடத்தின் அங்கம். கேசியோ 1985இல் எஃப்எக்ஸ்-7000ஜி மூலம் இந்த இனத்தைத் தொடங்கிவைத்தது. புரோகிராமுக்கு 422 பைட் இடம். 1990இல் டிஐ-81, 1993இல் டிஐ-82, பிறகு டிஐ-83. இருபடிச் சமன்பாட்டைத் தீர்க்கும் புரோகிராமை மாணவர்களே எழுதினார்கள், விளையாட்டுகளை எழுதினார்கள், இரண்டு கருவிகளைக் கேபிளால் இணைத்துப் பரிமாறிக்கொண்டார்கள். புரோகிராமிங் என்ற ஒன்றை முதன்முதலில் தொட்டது கால்குலேட்டரில்தான் என்று சொல்லும் பொறியாளர்கள் அந்தத் தலைமுறையில் ஏராளம். தேர்வு வந்தால் பல ஆசிரியர்கள் நினைவகத்தை அழிக்கச் சொன்னார்கள். மாதக்கணக்கில் எழுதியது நான்கைந்து விசைகளில் காணாமல் போகும். சிலர் அழிக்காமலே "நினைவகம் அழிக்கப்பட்டது" என்ற வாசகத்தை மட்டும் அப்படியே திரையில் காட்டும் புரோகிராம் எழுதினார்கள். ஆசிரியர் திரையைப் பார்த்து நகர்ந்துவிடுவார்.

அந்தப் பொய்த்திரையை நான் ஆதரிக்கவில்லை. தேர்வில் அது ஏமாற்று, வேறு பெயர் அதற்குக் கிடையாது. ஆனால் அது அம்பலப்படுத்திய உண்மை முக்கியமானது. அழிவைக் கண்ணால் பார்க்க முடியாது. பார்க்கக் கிடைப்பது அழிந்ததாகச் சொல்லும் ஒரு வாசகம் மட்டுமே, அந்த வாசகத்தை எழுத எந்தப் புரோகிராமுக்கும் தெரியும்.

1999இல் டிஐ-83 பிளஸ் வந்தபோது நிலைமை இன்னும் மாறியது. அதில் 24 கிலோபைட் ரேமோடு, 160 கிலோபைட் ஃபிளாஷ் நினைவகமும் பயனருக்குக் கிடைத்தது. ஆர்க்கைவ் என்று அதற்குப் பெயர். புரோகிராமை ஆர்க்கைவில் போட்டுவிட்டால் ரேமை அழித்தாலும் அது அழியாது. நான்கு செல்லையும் காசு செல்லையும் கழற்றி மேசைமேல் ஒரு வாரம் வைத்தாலும் அழியாது. அங்கே பிட்டைத் தாங்குவது மின்னோட்டம் இல்லை, சிறைப்பட்ட எலெக்ட்ரான்கள்.

1967இல் பெல் ஆய்வகத்தில் தாவோன் காங், சைமன் ஸீ இருவரும் முன்வைத்த மிதக்கும் வாயில் என்ற அமைப்பு இதன் வேர். டிரான்சிஸ்டரின் நடுவே ஒரு சிறு கடத்தித் துண்டு. சுற்றிலும் ஆக்சைடு காப்பு. எந்தக் கம்பியோடும் அதற்குத் தொடர்பில்லை. அதற்குள் எலெக்ட்ரான்களைத் தள்ளிவிட்டால் அவை வெளியேற வழியில்லாமல் ஆண்டுக்கணக்கில் அங்கேயே இருக்கும். அவை இருந்தால் டிரான்சிஸ்டர் எளிதில் திறக்காது, இல்லாவிட்டால் திறக்கும். அந்த வேறுபாடே பிட். இன்டெலின் டோவ் ஃபுரோமன் 1971இல் இதே தத்துவத்தில் செய்த ஈப்ராம் சில்லை அழிக்கப் புற ஊதா ஒளியில் வைக்க வேண்டும். அதற்கென்று சில்லின் முதுகில் கண்ணாடிச் சன்னல் வைத்திருந்தார்கள். மின்சாரத்தாலேயே ஒரு பெரும் பகுதியை ஒரே வீச்சில் அழிக்கும் வழியை 1984இல் தோஷிபாவின் ஃபூஜியோ மசுவோகா உலகுக்கு அறிவித்தார். ஃபிளாஷ் என்ற பெயர் அப்போது வந்தது.

சுற்றிலும் காப்பு இருக்கும்போது எலெக்ட்ரானை எப்படி வெளியேற்றுவது? காப்பு ஏறக்குறைய 10 நானோமீட்டர் தடிமன். அதன் குறுக்கே 10 வோல்ட் கொடுத்தால் மின்புலத்தின் வலிமை சென்டிமீட்டருக்கு 1 கோடி வோல்ட். அவ்வளவு வலிய புலத்தில் தடுப்புச் சுவர் மெலிந்துவிடும். எலெக்ட்ரான் அதை ஏறிக் கடக்காமல் ஊடுருவிச் செல்லும். குவாண்டம் இயற்பியலின் இந்த விந்தையை உலோகப் பரப்புகளுக்காக 1928இல் கணக்கிட்டவர்கள் ரால்ஃப் ஃபௌலரும் லோதர் நோர்ட்ஹைமும். அந்த ஃபௌலருக்குத்தான், மறு ஆண்டு, சென்னை மாநிலக் கல்லூரி மாணவர் ஒருவர் தம் முதல் ஆய்வுக் கட்டுரைகளில் ஒன்றை அனுப்பினார். ராயல் சொசைட்டி இதழில் வெளியிட ஃபௌலர் பரிந்துரைத்தார். 1930இல் அந்த மாணவர் கப்பலேறி கேம்பிரிட்ஜ் போய் அவரிடமே ஆய்வு மாணவராகச் சேர்ந்தார். அவர்தான் சுப்பிரமணியன் சந்திரசேகர். கப்பல் பயணத்தில் வெண்குறு விண்மீன்களைப் பற்றி அவர் போட்ட கணக்கு எல்லோரும் அறிந்தது. அவருடைய வழிகாட்டியின் சமன்பாடு இன்று நம் ஒவ்வொருவர் போனிலும், பென்டிரைவிலும், ஒவ்வோர் அழிப்பின்போதும் நடந்துகொண்டிருப்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

ஃபிளாஷில் அழிப்பது பெரிய வேலை. பிட் பிட்டாக அழிக்க முடியாது. டிஐ-83 பிளஸ் ஆர்க்கைவில் 64 கிலோபைட் பகுதி முழுவதையும் ஒன்றாகத்தான் அழிக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் காப்பு ஆக்சைடு கொஞ்சம் தேய்கிறது. அதனால் ஒரு புரோகிராமை நீக்கும்போது கருவி உண்மையில் எதையும் அழிப்பதில்லை. இது இனி வேண்டாம் என்று ஓரத்தில் ஒரு குறி மட்டும் போட்டுவைக்கும். இடம் தீர்ந்துபோன பிறகுதான் குப்பையைத் திரட்டட்டுமா என்று கேட்கும். சம்மதித்தால் வேண்டியவற்றை வேறு பகுதிக்கு நகர்த்திவிட்டுப் பழைய பகுதியை மொத்தமாக அழிக்கும். அதுவரை நீக்கியதன் எலெக்ட்ரான்கள் இருந்த இடத்திலேயே இருக்கின்றன.

2015 டிசம்பர் வெள்ளத்தை இந்தப் பகுதி மக்கள் மறக்க மாட்டார்கள். அடையாறு கரை மீறி முடிச்சூர், வரதராஜபுரம், மேற்குத் தாம்பரம் எல்லாம் தண்ணீரில் நின்றன. அண்ணா பல்கலைக்கழகத் தேர்வுகள் தள்ளிப்போயின. நனைந்து அழிந்த கல்விச் சான்றிதழ்களுக்குப் பதிலாகப் புதியவை தர அரசு சிறப்பு முகாம்கள் நடத்தியது. அந்த நாட்களில் சேற்றிலிருந்து எடுத்த கணினி இயங்காது. ஆனால் கழுவி உலர்த்திய மெமரி கார்டு பல வேளைகளில் திறந்துகொள்ளும். காகிதத்தைக் கரைத்த தண்ணீரால் மிதக்கும் வாயிலுக்குள் நுழைய முடியவில்லை. ரேமில் இருந்தவை மின்சாரம் நின்ற கணத்திலேயே போய்விட்டன.

அழிந்ததாகச் சொல்லும் திரையை நம்ப முடியாது என்பதைத் தேர்வு நடத்துபவர்கள் புரிந்துகொண்டபோது அழிக்கச் சொல்வதைக் கைவிட்டுப் பூட்டத் தொடங்கினார்கள். டிஐ-84 பிளஸ் கருவியை அணைத்த நிலையில், இடம், வலம் அம்புக்குறிகளையும் ஆன் விசையையும் சேர்த்து அழுத்தினால் தேர்வுப் பயன்முறைக்குப் போகும். அதில் புரோகிராம்களும் ஆப்களும் முடக்கப்படும். தேர்வுக்குப் பிறகு மீட்டுக்கொள்ளலாம். டிஐ-என்ஸ்பயர் கருவிகளில் இந்த நிலையைக் காட்ட மேலே ஒரு சிறு விளக்கு சிமிட்டும். அந்த விளக்குதான் நான் மிகவும் மதிக்கும் பகுதி. மாணவர் எழுதும் சாதாரண புரோகிராம் திரையில் எதை வேண்டுமானாலும் காட்டலாம். விளக்கை ஆள்வது கருவியின் இயக்க மென்பொருள். கண்காணிப்பாளர் அறையின் மறுகோடியிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம், மாணவரின் உழைப்பும் பிழைக்கும். சென்னையின் தென்பகுதியில் ஐ.பி. (இன்டர்நேஷனல் பாக்கலோரியேட்) பாடத்திட்டத்தில் படிக்கும் மாணவர்களுக்கு இந்த உலகம் பழக்கமானது. அந்தக் கணிதத் தேர்வுக்கு வரைபடக் கால்குலேட்டர் வேண்டும்.

மற்றவர்களுக்கு நாம் வேறு வழிகளைத் தேர்ந்தெடுத்திருக்கிறோம். பிளஸ் டூ வரை லாகரிதம் அட்டவணை. ஜே.இ.இ.யில் கருவியே கிடையாது. பொறியியலில் புரோகிராம் இல்லாத 991. கேட் தேர்வில் கையில் கொண்டுபோகும் கால்குலேட்டருக்கு இடமில்லை. திரையிலேயே ஒன்று இருக்கும், சுட்டியால் அழுத்த வேண்டும். எல்லோருக்கும் ஒரே கருவி என்பதில் சமத்துவம் இருக்கிறது. பல ஆயிரம் ரூபாய் விலையுள்ள வரைபடக் கால்குலேட்டரை எல்லாப் பெற்றோரும் வாங்கித் தர முடியாது என்பதும் உண்மை. ஆனால் கொடுத்த விலையையும் பார்க்க வேண்டும். தன் கைக்கருவிக்குத் தானே ஒரு வேலை கற்றுக்கொடுத்து, அதை மறுநாள் மேம்படுத்தி, நண்பனுக்குக் கொடுத்து வளர்ந்த அனுபவம் நம் மாணவர்களுக்கு வாய்க்கவில்லை. அந்த ஆசை அவர்களிடம் இல்லாமலில்லை என்பதற்கு 45 எழுத்து காஸ்–சீடல் வரியே சாட்சி. பத்து நிமிடத்தில் மறைந்துவிடும் என்று தெரிந்தும் சீனியரிடமிருந்து ஜூனியருக்கு அது வாய்மொழியாகப் போய்க்கொண்டிருக்கிறது. தேர்வுகளில் வேண்டாம் என்றாலும் ஆய்வகங்களிலாவது புரோகிராம் கால்குலேட்டர்களை வாங்கி வையுங்கள் என்று கல்லூரிகளைக் கேட்டுக்கொள்கிறேன். தேர்வு நாளில் பூட்டிக்கொள்ளும் வசதி இருக்கும்போது பயப்படக் காரணம் இல்லை.

வரைபடக் கால்குலேட்டர் வைத்திருப்பவர்கள் எழுதிய புரோகிராமை ரேமில் மட்டும் விடக் கூடாது. ஆர்க்கைவில் ஒரு பிரதி, கேபிள் வழியாகக் கணினியில் ஒரு பிரதி, நோட்டில் கையால் எழுதிய ஒரு பிரதி. ஆசிரியரின் விதி ஒருபுறம் இருக்கட்டும். தவறாக எழுதிய ஒரு இயந்திரமொழிப் புரோகிராம் தடுமாறி விழுந்தாலே ரேம் முழுவதும் துடைபட்டுவிடும். ஆர்க்கைவில் இருப்பதை வெளிப்படையாகச் சொல்லிவிட்டுத் தேர்வுப் பயன்முறையைப் போடுவதே நேர்மையான வழி.

991 வைத்திருப்பவர்கள் தேர்வுக்கு முந்தைய இரவு தாங்களாகவே எல்லாவற்றையும் துடைத்துவிடுவது நல்லது. இ.எஸ். என்றால் ஷிஃப்ட், ஒன்பது, மூன்று, சமக்குறி, பிறகு ஏ.சி.; எம்.எஸ். என்றால் ஷிஃப்ட், மோடு, மூன்று, சமக்குறி இரண்டு முறை. கடன் வாங்கிய கருவி என்றால் இது கட்டாயம். முன்பு வைத்திருந்தவர் ரேடியனிலோ கிரேடியனிலோ, இரண்டு தசம இடத்துக்கு மட்டும் காட்டும் அமைப்பிலோ விட்டிருக்கலாம். துடைத்ததும் டிகிரிக்கு வந்துவிடும்; சைன் 30 போட்டு 0.5 வருகிறதா என்று பாருங்கள். தாளில் கோணம் ரேடியனில் இருந்தால் மறக்காமல் மாற்றிக்கொள்ளுங்கள். செல் பழையதாக இருந்தால் அதே இரவில் மாற்றிவிடுங்கள், தேர்வு அறை வெளிச்சத்தை நம்ப வேண்டாம். காஸ்–சீடல் வரியை அடித்தவுடன் விடைத்தாளில் சூத்திரமாகவும் எழுதிவிடுங்கள். மறைந்தால் பார்த்து அடிக்கலாம், அந்தப் படிக்கு மதிப்பெண்ணும் உண்டு.